பூனைக்கான தண்ணீர் ஊற்று: நாலு ஸ்டார்

சொக்கனுக்கு ஒன்பது வயது. காய்ந்த தீவனம்தான் தின்பான், கிண்ணத்துத் தண்ணீரை மோந்துகூடப் பார்க்க மாட்டான். மணல் தட்டில் முக்கி முக்கி, கடைசியில் ஆட்டுப் புழுக்கை மாதிரி ரெண்டு உருண்டை. டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். கூடவே, "எப்படியாவது தண்ணி குடிக்க வைங்கம்மா" என்றார். அதற்காக வாங்கியதுதான் இந்த மோட்டார் ஊற்று.

ரெண்டு லிட்டர் பிடிக்கும், மேல்தட்டு ஸ்டீல். சொக்கன் துரை முதலில் காலால் தட்டிப் பார்த்தார், அப்புறம் நக்க ஆரம்பித்தார். இப்போது மணலில் மூத்திரக் கட்டி பெரிசாக விழுகிறது, மலமும் இளகி வருகிறது. சிரப்பின் அளவை டாக்டரே குறைத்துவிட்டார்.

பம்ப்பில் முடி சிக்கும்; வாராவாரம் கழற்றி பழைய டூத் பிரஷால் தேய்க்கணும். கரண்ட் போனால் ஊற்றும் நிற்கும், இவன் குடிப்பதும் நிற்கும்.

ஏற்கெனவே ரெண்டு நாளாக மலம் போகாமல் வாந்தி எடுக்கிற பூனை என்றால் இதை ஆர்டர் போட்டுக் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஆண் பூனை முக்குவது மூத்திர அடைப்பாகவும் இருக்கலாம், அதற்கு அன்றைக்கே ஓடணும். மனுஷருக்கான பாஸ்பேட் எனிமா பக்கமே போகாதீர்கள், பூனை உயிருக்கே ஆபத்து.

ஒரு ஸ்டார் குறைத்தது ஃபில்டர் விலைக்காக. பகல் கொள்ளை.