கரும்புச் சக்கை எண்ணெய்: எந்த வினையூக்கி எதனால் சாகிறது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: வெட்டுக்கு முன் கரும்புத் தோகையைக் கொளுத்தினால், கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கறுப்புச் சாம்பல் வந்து உட்காரும். அதே தோகையையும் ஆலைச் சக்கையையும் காய வைத்து, காற்றுப் படாமல் சட்டென்று 500 டிகிரிக்குச் சூடாக்கினால் எண்ணெய் கிடைக்கும். காப்பி டிகாக்‌ஷன் நிறம், அடுப்புப் புகை வாசம், மூக்கில் ஏறும் காடி நெடி. வண்டியில் ஊற்ற ஆகாது. எடையில் 35 முதல் 40 சதவீதம் ஆக்ஸிஜன், கால் பங்குத் தண்ணீர், டீசலில் பாதிகூட இல்லாத எரிசக்தி. சில மாதம் பாட்டிலில் வைத்தாலே கெட்டியாகும். அவசரப்பட்டுக் காய்ச்சினால் தாராக இறுகிவிடும்.

இதை எரிபொருளாக்க ஆக்ஸிஜனைக் கழற்ற வேண்டும். அந்த வேலைக்கு மூன்று வகை வினையூக்கிகள் (தாம் தீராமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்கள்) போட்டியில் இருக்கின்றன. எது வேகம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எது எதனால் சாகிறது, அதாவது வேலை செய்யும் திறனை இழக்கிறது, என்று கேட்டால் கணக்கு சீக்கிரம் தெளியும்.

முதலாவது, கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பழைய ஆள்: அலுமினா மேல் பூசிய கோபால்ட்-மாலிப்டினம் அல்லது நிக்கல்-மாலிப்டினம் சல்ஃபைடு, அதாவது கந்தகம் சேர்ந்த உலோகம். விலை மலிவு. அழுத்தமான ஹைட்ரஜனில் ஆக்ஸிஜனைத் தண்ணீராக்கி வெளியேற்றும். ஆனால் இது உயிரோடிருக்கக் கந்தகம் வேண்டும். கச்சா எண்ணெயில் அது தாராளம்; கரும்பில் சொற்பம். ஆகவே சுத்தமான எண்ணெயில் நாமே கந்தகத்தைக் கலக்க வேண்டும், அப்புறம் அதை நீக்கவும் வேண்டும். வேடிக்கைதான். போதாததற்கு, சூடான நீராவியில் அலுமினாவும் மெல்ல உருமாறிப் பரப்பை இழக்கிறது.

இரண்டாவது, கரித்தூள் மேல் ருத்தேனியம். நம்ம நாட்டுப் பிள்ளை: உலக ருத்தேனியத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் பிளாட்டினத்தோடு சேர்ந்து வருவது. 150 டிகிரியிலேயே வேலை செய்யும் என்பதால், எண்ணெய் இறுகுவதற்குள் அதைச் சாந்தப்படுத்திவிடும். இதற்கு ஈடு இல்லை. ஹைட்ரஜனைக் குடிப்பதிலும் ஈடு இல்லை. சூடு ஏறினால் நல்ல எண்ணெயை மீத்தேனாக்கியும் விரயம் செய்யும். கரி படிந்து அடைத்துக்கொண்டால் எரித்து நீக்கவும் வழியில்லை, ஏனென்றால் தாங்கி நிற்பதே கரி. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அந்த ஹைட்ரஜனும் நம்ம நாட்டுச் செகுண்டா ஆலையில் நிலக்கரியிலிருந்து வருவதென்றால், பசுமை எரிபொருள் என்று சொல்ல வாய் வராது.

மூன்றாவது, இசட்எஸ்எம்-5 என்ற சியோலைட், அதாவது நுண்துளைகள் நிறைந்த கனிமம். ஹைட்ரஜன் வேண்டாம், அழுத்தம் வேண்டாம். ஆவியை அரை நானோமீட்டர் துளைகள் வழியே விட்டால் பெட்ரோலில் இருக்கும் டொலுவீன், சைலீன் போன்றவை வரும். ஆனால் ஆக்ஸிஜன் கார்பனையும் கூட்டிக்கொண்டு வாயுவாகப் போய்விடுவதால் விளைச்சல் குறைவு. சீக்கிரம் மூச்சடைக்கும், காற்றில் எரித்தால் மறுபடி எழும். நிரந்தரச் சாவு தோகைச் சாம்பலின் பொட்டாசியத்தால்: அது சியோலைட்டில் வேலை நடக்கும் அமில மையங்களைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்கு எடுக்கும் முன் தோகையைத் தண்ணீரில் அலசினால் ஆயுள் கூடும்.

சர்க்கரை ஆலை வாசலில் என்றால் சியோலைட்டுக்கே என் ஓட்டு. கொதிகலன் ஓட்டுகிற ஆளுக்குக் கரியை எரித்து நீக்குவது புதிதல்ல. அப்படிப் பாதி ஆக்ஸிஜன் கழன்ற எண்ணெயைச் சல்ஃபைடு முடித்துவைக்கும், சுத்திகரிப்பு ஆலை பக்கத்தில் இருந்தால். ஆனால் டர்பனின் இரண்டு பெரிய சுத்திகரிப்பு ஆலைகளும் 2020க்கும் 2022க்கும் இடையே ஓட்டத்தை நிறுத்திவிட்டன.