பக்கத்து வீட்டுச் சத்தம்: இரண்டு ஜப்பானிய பேசும் படங்கள்

'மேடமு தோ ந்யோபோ' (1931), 'தொனாரி நோ யாயே-சான்' (1934) இரண்டும் ஷோசிகு என்ற ஜப்பானியப் பட நிறுவனத்தின் கமாதா ஸ்டுடியோ தந்தவை. இரண்டிலும் கதையைக் கிளப்பிவிடுவது பக்கத்து வீடுதான்.

முதலாவது, ஜப்பானின் முதல் முழுப் பேசும் படம். இயக்கம் ஹெய்னோசுகே கோஷோ. நாடகம் எழுத உட்காரும் கணவனை எலி, பூனை, குழந்தையின் அழுகை, கடைசியில் பக்கத்து வீட்டு ஜாஸ் என ஒவ்வொன்றாக எழுப்பிவிடுகின்றன. நகைச்சுவை முழுக்கக் காதில்தான். படம் எடுக்கும்போதே ஒலியையும் பதிந்தார்கள். கேமராவுக்கு வெளியே வாத்தியக் குழுவை நிறுத்தி வாசிக்க வைத்தார்கள். அதனால் சில இடங்களில் பேச்சு தயங்கித் தயங்கி வருகிறது. ஆனாலும் சத்தத்தையே கதாபாத்திரமாக்கிய துணிச்சல் இன்றும் வியக்க வைக்கிறது.

யாசுஜிரோ ஷிமாசு இயக்கிய இரண்டாவது படத்தில் அந்தத் தயக்கம் இல்லை. அண்ணன் தம்பி ஆடும் பேஸ்பால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறது. யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. தன் வீடு பூட்டிக் கிடந்தால் அண்ணன் கெய்தாரோ நேரே பக்கத்து வீட்டுப் பெண் யாயேயின் வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்காருகிறான். அவனுடைய கிழிந்த காலுறையை அவள் தைக்கிறாள். வசனம் வீட்டுப் பேச்சாகவே ஓடுகிறது.

ஒலி எப்படி வந்தது என்று அறிய முதலாவதைப் பாருங்கள். மனசுக்கு நெருக்கமானது யாயேதான்.