நிலத்தைக் கேட்டு டயர் தரும் பஞ்சிகாவத்தைக் கடை

கொழும்பு பஞ்சிகாவத்தையில், உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு டயர் கடையில், எனது ஹைலக்ஸ் வாகனத்துக்குக் கடந்த மாதம் பலவகை நிலத்துக்கும் ஏற்ற நான்கு ஓல்-டெரெய்ன் டயர்கள் வாங்கிப் பொருத்தினேன். விலையைச் சொல்வதற்கு முன்னரே கடைக்காரர், "ஐயா, எந்த மாதிரி நிலத்தில ஓடுவீங்கள்?" என்று கேட்டார். ஓமானில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தபோது நான் பட்டுத் தெரிந்துகொண்ட விடயமும் அதுவே என்பதால், அந்தக் கேள்விக்காகவே இக்கடையை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

பாலைவனம் முழுவதும் ஒரே மணல் அன்று. ஓமானின் வஹீபா மணற்பரப்பின் மேடுகளில் காற்று வந்து மோதும் பக்கம் சாய்வு குறைந்து, மணல் இறுகிக் கிடக்கும். மறுபக்கத்திலோ உச்சியிலிருந்து சரிந்த மணல் ஏறத்தாழ 34 பாகைச் சாய்வில் இறுகாமல் தங்கியிருப்பதால், சில்லு சட்டென்று புதைந்துவிடும். அங்கே 35 பீஎஸ்ஐ அமுக்கத்தை 15 வரை இறக்கினால், நிலத்தில் படியும் டயர்ப்பரப்பு நீண்டு பாரம் பரவும். அதே அமுக்கத்துடன் ஜித்தத் அல் ஹராசிஸின் சுண்ணாம்புக் கற்சமவெளிக்குள் போனால், பிதுங்கி நிற்கும் பக்கச்சுவரைக் கூரிய கற்கள் கிழித்துவிடும். கரையோரச் சப்கா இன்னும் ஆபத்தானது: மேலே உலர்ந்த உப்புப் பொருக்கு, அடியில் ஈரச்சேறு; அதில் அமிழ்ந்த வாகனத்தை எந்த டயரும் மீட்காது.

நான் வில்பத்துவின் மணற்பாதைகளையும் மன்னார்ப் பக்கத்தையும் சொன்னதும், கடைக்காரர் எனது பழைய டயரைச் சுழற்றி, தோள்பகுதிக்குக் கீழே நகக்கண் அளவில் இருந்த வெட்டைக் காட்டினார். பார்வைக்கு முரட்டுத்தனமாக இருந்த சேற்று டயரை நான் கேட்டபோது, அதன் ஆழமான கட்டைகள் மணலைத் தோண்டி வாகனத்தைப் புதைக்கும் என்று சொல்லி, விலை குறைந்த ஓல்-டெரெய்ன் டயரையே எடுத்துத் தந்தார். சில்லுச் சமநிலையும் துல்லியமாகச் செய்யப்பட்டது. வில்பத்துவில் 20 பீஎஸ்ஐ அமுக்கத்துடன் இரண்டு நாட்கள் ஓடியும் ஓரிடத்திலும் சிக்கவில்லை.

குறை ஒன்று உண்டு. அவர்களுடைய காற்று அளவி 32 என்று காட்டியபோது என்னுடையது 37 காட்டியது. வீட்டில் இன்னொரு அளவியால் பார்த்தபோதும் 37தான் வந்தது. மணலுக்காகக் காற்று இறக்குபவருக்கு ஐந்து பீஎஸ்ஐ பெரிய வித்தியாசம். அந்த அளவியை மாற்றும்வரை, அங்கே செல்பவர்கள் சொந்த அளவியைக் கையோடு கொண்டு போகவேண்டும்.