பில்லில் ஹை பிரஷர் ஹோஸ், வண்டியில் சாதாரண ரப்பர் குழாய்: எரிந்துபோன என் சான் ஸ்டார்ம்

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய காரை ஆசையாக வைத்திருந்து, அதை வெளிப் பட்டறைகளில் நம்பி விடுபவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். பெட்ரோல் குழாய்களை மாற்றுவதற்கென்று என்னிடம் 11,400 ரூபாய் வாங்கிய ஒரு பட்டறை, பில்லில் ஒன்றை எழுதிவிட்டு வண்டியில் வேறொன்றை மாட்டியது. அதனால் பதினேழாவது நாள் காலையில் என் காரின் இன்ஜின் அறை எரிந்தது. விவகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை; கேட்டாலும் இப்போது சொல்ல இயலாது.

கார் ஒரு சான் ஸ்டார்ம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1990களின் இறுதியில் நம் நாட்டில் தயாராகி விற்பனைக்கு வந்த, இரண்டே இருக்கை கொண்ட, மேற்கூரையைத் திறந்துகொண்டு ஓட்டக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அது. உள்ளே இருப்பது ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் இன்ஜின்; சக்தி ஏறக்குறைய 60 குதிரைத்திறன். இன்றைக்குக் காய்கறி வாங்கப் போகும் ஹேட்ச்பேக்கில்கூட அதைவிட அதிகம் இருக்கும் என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் அதில் ஒரு முறையும் ஆழியாறு பக்கம் போனதில்லை. வெளிக்கூடு முழுவதும் ஃபைபர் கிளாஸ் என்பதால் துருப்பிடிக்காது. ஆனால் தீப்பிடித்தால் தகரம் போலக் கறுத்து நிற்காமல், பிசினோடு சேர்ந்து அதுவே எரிபொருளாகிவிடும். அந்த இரண்டாவது செய்தியை ஒன்பது ஆண்டுகள் அந்தக் காரை வைத்திருந்தும் நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

குழாயை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது நான்தான். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் கலவையை எண்ணிச் செய்யப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் அதில் நாளடைவில் உப்பி, இளகி, பின்பு வெடிப்பு விடும். என் வண்டியிலும் பெட்ரோல் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருந்த குழாயை விரலால் அழுத்தினால் மாவு போல அமுங்கியது, கையில் கருப்பு ஒட்டியது. ஆகவே டேங்கிலிருந்து இன்ஜின் வரைக்கும் உள்ள எல்லா ரப்பர் இணைப்புகளையும் மாற்றிவிடுங்கள், இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு உரிய குழாயையே போடுங்கள், விலை எவ்வளவானாலும் பரவாயில்லை என்று வாயாலும் சொன்னேன், வேலைச் சீட்டிலும் எழுத வைத்தேன்.

இந்த இடத்தில் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று நடந்தது இங்கேதான். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு. பெரும்பாலும் கால் பார் அளவில்தான் இருக்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). இன்ஜெக்‌ஷன் இன்ஜினிலோ, அதாவது பெட்ரோலை அழுத்தத்தோடு உள்ளே பீய்ச்சும் வகையிலோ, டேங்கிலுள்ள மின்சாரப் பம்பு பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது, அதாவது பத்து மடங்குக்கும் மேல். அதைத் தாங்கவென்று செய்யப்படும் குழாயின் மேல் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்ற குறி அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே எத்தனாலைத் தாங்கும் வேறொரு ரப்பர் அடுக்கும் இருக்கும். வெளியில் பார்த்தால் இரண்டும் கருப்புக் குழாய்தான், பருமனும் ஒன்றுதான். விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். கிளிப்பும் அப்படியே: இன்ஜெக்‌ஷன் குழாய்க்குரிய கிளிப்பின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும், ரேடியேட்டர் குழாய்க்குப் போடும் பல்வெட்டுக் கிளிப்பை அங்கே இறுக்கினால் அந்த வெட்டுகள் ரப்பரைக் கடித்துக் கிழிக்கும்.

எனக்குக் கிடைத்த பில்லில் ‘ஹை பிரஷர் இன்ஜெக்‌ஷன் ஹோஸ் – 3 மீட்டர்’, ‘இன்ஜெக்‌ஷன் கிளிப் – 10’ என்று தெளிவாக இருந்தது. நான் பானெட்டைத் திறந்து பார்த்தேன், புதிதாகப் பளபளத்தது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். குழாயின் மேல் எழுத்து இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பொள்ளாச்சி சாலையில் போய், கிணத்துக்கடவு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது பம்பின் முனகல் வழக்கத்தைவிடச் சற்று நீண்டது போலத் தோன்றியது, இன்ஜின் பிடித்தது, சாலைக்கு ஏறி முந்நூறு மீட்டர் போயிருக்க மாட்டேன், பச்சைப் பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. கூரை திறந்திருந்ததால் அது யாரோ முன்னால் போகும் பைக்கின் வாசனை என்று நினைத்து மேலும் சில நொடிகளை வீணாக்கினேன். பிறகு பானெட்டின் வலது விளிம்பில் ‘பக்’கென்று ஒரு சத்தமும், அதன் பின்னால் வெயிலில் சரியாகத் தெரியாத ஒரு தீ அலையும். வண்டியை ஓரம் கட்டி, சாவியை அணைத்து, இறங்கி ஓடினேன். சாவியை அணைத்தது மட்டும்தான் அன்று நான் யோசிக்காமலேயே சரியாகச் செய்த காரியம், ஏனென்றால் அதோடு பம்பு நின்று, தீக்குப் போய்க்கொண்டிருந்த பெட்ரோலும் நின்றது.

அடுத்து நான் செய்யப் போனது முட்டாள்தனம். இருக்கைக்குக் கீழே வைத்திருந்த ஒரு கிலோ பவுடர் சிலிண்டரை எடுத்துக்கொண்டு பானெட்டை முழுதாகத் தூக்கக் கை வைத்தேன். பின்னால் வந்து நின்ற தேங்காய் லாரியின் டிரைவர், “அண்ணா, தொறக்காதீங்க, காத்து போச்சுன்னா மூஞ்சிக்கு வரும்!” என்று கத்தியபடியே ஓடி வந்து, உள்ளே லீவரை இழுத்ததும் பானெட் எழும்பும் அந்த இரண்டு விரல் இடைவெளியில் குழலை நுழைத்து அடிக்க வைத்தார். ஒரு கிலோ பவுடர் பத்து வினாடிகூட வரவில்லை. தீ படுத்தது, எழுந்தது. அவருடைய லாரியில் இருந்த பெரிய சிலிண்டர்தான் அதை அடக்கியது. 101க்கு அழைத்து வந்த தீயணைப்பு வீரர்கள் புகைந்துகொண்டிருந்த ஃபைபரை நனைத்து முடித்தபோது, பானெட்டின் பாதி, பேட்டரிப் பெட்டி, ஒயரிங் கட்டு, வலது மட்கார்டு எல்லாம் போயிருந்தன. இருக்கைகளும் டேஷ்போர்டும் பிழைத்தன. அந்த டிரைவர் டீக்குக்கூடப் பணம் வாங்கவில்லை.

பட்டறைக்காரருக்கு நானே போன் செய்தேன். அப்போதும் எனக்கு அவர் மேல் சந்தேகம் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் சொந்தச் செலவில் ரெக்கவரி வண்டியோடு வந்தார். “பழைய வண்டிங்ண்ணா, ஒயரிங்ல சார்ட் ஆயிருக்கும்ங்க, நம்ம பட்டறைக்கே கொண்டு போயிடலாம்ங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே, பேட்டரியையோ ஒயரையோ பார்க்காமல், நேராக ஃபில்டர் இருக்கும் மூலைக்குக் கையைக் கொண்டுபோனார். என்னை அழைத்துப் போக வந்திருந்த என் மச்சான் அதைக் கவனித்துவிட்டார். “இன்சூரன்ஸ்காரங்க வந்து பாக்கறவரைக்கும் எதையும் தொட வேண்டாங்க” என்று அவர் குறுக்கே நின்றிருக்காவிட்டால் இன்று என்னிடம் எந்தச் சாட்சியமும் இருந்திருக்காது. வண்டி எங்கள் வீட்டுக்குத்தான் போனது. தீ விபத்துக்குப் பின் பரிவோடு வந்து வண்டியை இலவசமாக எடுத்துப் போகிறேன் என்பவர், அந்த வண்டியில் கடைசியாக வேலை செய்தவராக இருந்தால், சாவியைக் கொடுக்காதீர்கள்.

மறுநாள் சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். அவரும் முதலில் ஒயரிங் என்றே நினைத்தார். ஆனால் எரிந்த தடம் ஒயரிங் கட்டிலிருந்து தொடங்கவில்லை. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலிருந்து விரிந்து போயிருந்தது. இன்ஜின் பக்கத்து முனையில் குழாயே இல்லை, இரும்புக் குழாயில் கிளிப் மட்டும் தொங்கியது. ஃபில்டர் பக்கத்தில் நான்கு அங்குலத் துண்டு எரியாமல் தப்பியிருந்தது. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, ஆர்9 குறி இல்லை. எந்த எழுத்துமே இல்லை. மேல் தோல் பதினேழு நாளிலேயே மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தது. கிளிப்பைக் கழற்றினால் ரப்பரில் ஏணிப்படி போல வரிசையாகப் பற்குறிகள், அவற்றில் இரண்டு உள்ளடுக்கு வரை இறங்கியிருந்தன. அந்தத் துண்டை அளவுகோலோடு சேர்த்து அவர் முன்னிலையில் படம் எடுத்து, உறையிலிட்டு, இருவரும் கையொப்பமிட்டோம்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முழுக் காப்பீட்டில் தீ அடங்கும். தீயணைப்புத் துறையின் சான்றும் காவல் நிலையத்தில் புகார் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் கொடுத்தேன், கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆனால் கைக்கு வந்த தொகை செலவில் பாதியைக்கூடத் தொடவில்லை, அதற்கு யாரையும் குறை சொல்லவும் முடியாது. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 விழுக்காடு தேய்மானம். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30. பத்து ஆண்டு தாண்டிய வண்டியின் மற்ற உலோகப் பாகங்களுக்கு 50. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐடிவி, அதாவது காப்பீட்டில் குறிக்கும் வண்டியின் மதிப்பு, எவ்வளவு என்பதை நாமும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்கிறோம். பிரீமியம் குறையட்டும் என்று ஆண்டுதோறும் நான் தலையாட்டிக் குறைத்துக்கொண்டே வந்திருந்தேன். பழுதுச் செலவு அந்த ஐடிவியில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பு என்று எழுதிவிடுவார்கள். நான் மயிரிழையில் தப்பினேன்.

படங்களையும் பில்லையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது, முதலில் அது தாம் போட்ட குழாயே அல்ல என்றார். வேலைச் சீட்டைக் காட்டியதும், கடையில் ஹை பிரஷர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் என்றார். கடை பில்லைக் கேட்டேன், தொலைந்துவிட்டது. கடைசியில், பழக்கத்துக்காக 15,000 ரூபாய் தருகிறேன், ‘கணக்குத் தீர்ந்தது’ என்று எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுக்கவில்லை. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, பதில் வராததால் ஆணையத்தில் மனுச் செய்தேன். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நாம் கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையக் கட்டணம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு தவறை மட்டும் இன்னும் சரி செய்ய முடியவில்லை. சிலிண்டரிலிருந்து அடித்த அந்த மஞ்சள் பவுடர் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும் என்பது தெரியாமல், சாட்சியம் கலையக் கூடாது என்று மூன்று வாரம் இன்ஜினைக் கழுவாமல் விட்டிருந்தேன். சர்வேயர் பார்த்த அன்றே கழுவியிருக்கலாம். தீயில் தப்பிய த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) அதில் போயிற்று. வேறு ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் அந்த வழியாகப் போனபோது பட்டறை வாசலில் வெளிர்நீல நிறத்தில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் கார் நின்றது. பானெட் திறந்திருந்தது. அந்த வண்டி உங்களுடையதாக இருந்தால், பெட்ரோல் குழாயைத் துடைத்துவிட்டு அதன் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.