இரண்டு வாரமா, ஆறு மாதமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருத்துவர் பேரிடர் நிவாரணப் பணிக்கும் போக இரண்டு வழிகள் உண்டு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1992-இல் டாக்டர் இம்தியாஸ் சுலைமான் தொடங்கிய 'கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் முதலாவது. 2010 ஹெய்ட்டி, 2023 துருக்கி நிலநடுக்கங்களுக்குக் குழு அனுப்பியது. அழைப்பு திடீரென்று வரும், ஆண்டு விடுப்பிலேயே போய்வரலாம். ஆனால் உங்கள் இரவு டியூட்டியை யாராவது ஏற்க வேண்டுமே! பட்டியலில் என் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதிய தோழி, அந்தக் கடனைத் தைப்பூசக் காவடியன்று வசூலித்தாள். எனக்குக் காவடி வார்டில்தான்.

மற்றது 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' (MSF) என்ற சர்வதேச மருத்துவ உதவி அமைப்பு. அறுவை, மயக்கமருந்து நிபுணர்களுக்குச் சில வாரங்கள் போதும். பொது மருத்துவரிடம் பெரும்பாலும் பல மாதங்கள் கேட்பார்கள். நோயாளி தேறி நடப்பதைப் பார்க்கும் நிறைவு இதில்தான்.

வீட்டுக்கடன் இருந்தால் முதல் வழி. இரண்டு வேலைக்கு நடுவே இடைவெளி கிடைத்தால், சரி, இரண்டாவதுக்கே கிளம்புங்கள்.