பனேராய் லூமினோர் 1950 'ஃபிடி': காசுக்கு மதிப்பு உண்டா?

முதலில் இந்தக் கைக்கடிகாரத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன், விட்டம் 47 மில்லிமீட்டர். மெலிந்த கைக்காரர்கள் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், முழுக்கைச் சட்டைக்குள் இது போகவே போகாது. மாடல் எண் பாம் 127, ரசிகர்கள் செல்லமாக ஃபிடி என்பார்கள். 2002-இல் வந்தது, மொத்தமே 1950 வாட்ச். பெயரில் 1950 இருப்பதால் எண்ணிக்கையும் 1950, அவ்வளவுதான் அந்தக் கணக்கு!

ஆனால் இந்தப் பருமன் வெறும் பந்தா இல்லை. ஃப்ளோரன்ஸில் தொடங்கிய பனேராய், இத்தாலியக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காக வாட்ச் செய்துகொடுத்த கம்பெனி. 1941 டிசம்பரில் ஆள் உட்கார்ந்து ஓட்டும் டார்பிடோக்களில் ஏறி எகிப்தின் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்குள் புகுந்து, குயின் எலிசபெத், வேலியன்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஆறே பேர் முடக்கினார்களே, அந்தப் படைப்பிரிவுதான். இருட்டுத் தண்ணீரில் மணி தெரிய வேண்டுமென்றால் டயல் பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? எண்களை வெட்டியெடுத்த மேல்தகடு, அடியில் ஒளிரும் தகடு என்று டயலே இரண்டு அடுக்கு. விளக்கை அணைத்தால் பள்ளத்துக்குள்ளிருந்து எண்கள் எரிகிற மாதிரி இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாவி கொடுக்கும் திருகுக்கு மேலே இருக்கும் பாதுகாப்புத் தடுப்புதான். பழைய வாட்ச்களில் தினமும் சாவி கொடுத்துக் கொடுத்து தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு தேய்ந்து தண்ணீர் புகுந்துவிடும், அதற்காக வந்த ஏற்பாடு இது. குட்டி நெம்புகோலை மடக்கினால் திருகு கேஸோடு, அதாவது வாட்சின் வெளிக்கூட்டோடு, அழுந்தி உட்கார்ந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போதெல்லாம் விரல் அங்கேதான் போகும்.

குறை என்றால், உள்ளே ஓடுவது பாக்கெட் வாட்சுக்காக வந்த யூனிடாஸ் 6497 என்ற வெளிக் கம்பெனி இயந்திரத்தை மெருகேற்றியதுதான். உறுதியானதுதான், ஆனால் இந்த விலைக்குப் பனேராயே செய்த சொந்த இயந்திரம் கேட்பது பேராசை இல்லை. அப்புறம், முக்குளிப்பு வாட்சுக்குத் தோல் பட்டை, அதோடு நீச்சல்குளத்தில் இறங்கிவிடாதீர்கள்.

இப்போது வாங்குவதென்றால் பழைய பொருளாகத்தான் கிடைக்கும். அசல் பெட்டியும் சான்றுக் காகிதமும் இல்லாமல் தொடாதீர்கள், பாலிஷ் போட்டுப் போட்டுக் கேஸின் விளிம்பு மழுங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். தோற்றம் மட்டும் போதும், 'லிமிடெட்' பட்டம் வேண்டாம் என்பவர்கள் 2011-இல் வந்த பாம் 372-ஐப் பாருங்கள். அதே 47 மில்லிமீட்டர், சொந்த இயந்திரம், ஒருமுறை சாவி கொடுத்தால் மூன்று நாள் ஓடும். நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.