காவல் நாய் வாங்குமுன் ஓர் ஆலோசனை: ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு மதிப்புரை

எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்த பிறகுதான் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30-க்கு 40 மனையில் கட்டிய வீடு எங்களுடையது. கீழ்த்தளத்தில் நானும் என் மனைவியும், 9 வயது மகளும் 6 வயது மகனும், 71 வயதான அம்மாவும் இருக்கிறோம்; மாடியில் இரண்டு குடித்தனங்கள் இருக்கின்றன. கார் நிற்கும் இடமும் தண்ணீர்ச் சம்பும் போக, கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே மிஞ்சுவது பத்தடி இடம்தான். இப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த இனத்து நாய் பொருந்தும் என்று நேரில் வந்து பார்த்துச் சொல்லும் ஒருவரின் சேவையைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். அவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த தமிழர். இராணுவத்தில் நாய்களைக் கையாளும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். தனியாளாக மாதத்துக்கு நான்கைந்து வீடுகளை மட்டுமே ஏற்பதால் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதை மதிக்கிறேன்.

அவரை அழைப்பதற்கு முன்பே ஒரு தவறு செய்துவிட்டோம். காவல் என்றாலே ராட்வைலர்தான் என்று என் மைத்துனர் உறுதியாகச் சொன்னதை நம்பி, நகரின் வேறொரு மூலையில் இருந்த விற்பனைக் கடையொன்றில் 5,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். அங்கே எங்களிடம் காட்டிய குட்டிக்கு வயது 40 நாள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்வது அன்று எங்களுக்குத் தெரியாது. தாய் நாயைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அது வெளியூரில் இருக்கிறது என்றார்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி வாங்கக் கூடாது என்பதுதான் ஆலோசகர் எங்களிடம் முதலில் சொன்ன செய்தி. அதை ஒரு வாரம் முன்னதாகக் கேட்டிருக்கலாம்.

முதல் சந்திப்புக்குக் கட்டணம் 3,000 ரூபாய், நேரம் இரண்டு மணி. வந்தவர் முதல் ஒரு மணி நேரம் எந்த நாயின் பெயரையும் எடுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேட்டைத் திறந்து வந்தவர்களை எண்ணினார். மாடிக் குடித்தனக்காரர்கள், அவர்களைத் தேடி வந்த உறவினர், கூரியர் பையன், சிலிண்டர் கொண்டுவந்தவர், என் மகளோடு விளையாட வந்த மூன்று பிள்ளைகள் என்று மொத்தம் 14 பேர். காலை ஆறு மணிக்கு நாயை நடத்திச் செல்லப் போவது யார், பகல் முழுவதும் அதனுடன் இருக்கப் போவது யார் என்று பிறகு கேட்டார். பகலில் அம்மாதான் என்றோம். உடனே பையிலிருந்து ஒரு தோல் வாரை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்து, மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் இழுக்கிறேன், நீங்க விடாம பிடிங்க" என்றார். அவர் அரை பலத்தில் இழுத்தபோதே அம்மா இரண்டடி முன்னால் வந்துவிட்டார். வளர்ந்த ஆண் ராட்வைலர் 50 கிலோவைத் தாண்டும். அம்மாவின் எடை 52 கிலோ. எங்கள் ராட்வைலர் ஆசை அந்த நிமிடமே முடிவுக்கு வந்தது.

அதைத் தடைசெய்யப்பட்ட இனம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதையும் அவரிடம் கேட்டேன். ராட்வைலர் உட்பட 23 இனங்களுக்கு உரிமம் தரவேண்டாம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதையும், அதைக் கர்நாடக உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் ரத்து செய்ததையும் தெளிவாக எடுத்துச் சொன்னார். நாய் பொல்லாதது என்பதற்காக அவர் அந்த இனத்தைத் தள்ளவில்லை. பகலில் அதைக் கட்டியாளும் கை எங்கள் வீட்டில் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

என் சொந்த ஆசை ராஜபாளையத்தின் மீது இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் தாத்தாவின் தோட்டத்தில் பால் வெள்ளையாக, இளஞ்சிவப்பு மூக்கோடு ஒரு நாய் நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்ததை அம்மா பெருமையாக எல்லோரிடமும் சொல்வார். ஆலோசகரும் அந்த இனத்தை மதிப்பவர்தான். ஆனாலும் வேண்டாம் என்றார். அந்த நாய் பெரும்பாலும் ஒருவரைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டு, அந்நியர் எவரையும் எளிதில் நம்பாது. தோட்டத்துக்கு அது பெரும் பலம், நாளுக்கு நாற்பது பேர் கேட்டைத் திறக்கும் வீட்டுக்கு அதுவே தீராத தலைவலி என்று விளக்கினார். தூய வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் காது கேளாமை சில குட்டிகளிடம் இருப்பதால், வாங்குபவர் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஆயினும் அவர் சொன்னது சரி என்பதை மறுக்க முடியவில்லை.

சிப்பிப்பாறையும், கர்நாடகத்தின் முதோளும் முயலைத் துரத்த உருவானவை. ஓட இடமில்லாத வீட்டில் அவை துன்பப்படும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார். டாபர்மேன் அறிவுள்ளது, ஆளோடு ஒட்டிக்கொள்வது. ஆனால் இதயத்தசை நோய் அந்த இனத்தில் அதிகம் என்பதால் பெற்றோரின் உடல்நல வரலாறு தெரியாமல் தொடக்கூடாது என்றார். லாப்ரடார் பிள்ளைகளுக்கு ஏற்றது. அறிமுகமில்லாதவரையும் வாலாட்டி வரவேற்கும் அதனிடம் காவலை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். எஞ்சியது ஜெர்மன் ஷெப்பர்ட். மந்தை காத்த இனம் என்பதால் குடும்பத்தையே தன் மந்தையாகக் கருதும் என்றும், ஆணைவிடப் பெட்டையை எங்கள் வீட்டில் கையாள்வது எளிது என்றும் சொன்னார்.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது அதற்குப் பின் அவர் சொன்ன யோசனையை. குட்டியின் குணத்தை ஊகிக்கத்தான் முடியும், வளர்ந்த நாயின் குணத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே ஒன்றரை வயதுக்குள் இருக்கும், நல்ல வீட்டில் வளர்ந்து இடம் மாறவேண்டிய நாயைத் தேடுவோம் என்றார். ஐந்து வாரம் கழித்து, வெளிநாடு செல்லும் ஒரு குடும்பத்திடம் 16 மாதப் பெட்டை ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. பெயர் ரூபி. மூன்று முறை எங்களை அங்கே அழைத்துப் போனார். இரண்டாம் முறை பிள்ளைகளும் வந்தார்கள். குடையைப் படாரென்று விரித்தார், எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார், உண்ணும்போது கிண்ணத்தை எடுத்துத் திரும்ப வைத்தார், என் மகனை அதன் முன்னால் ஓடச் சொன்னார். தட்டு விழுந்தபோது ரூபி துள்ளி விலகியது. அடுத்த நொடியே திரும்பி வந்து தட்டை முகர்ந்தது. பயந்த பிறகு எவ்வளவு விரைவில் தெளிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு முற்றிலும் புதிய பாடம். பிறகு இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரேயும், பெங்களூரு நாய்களை அடிக்கடி படுத்தும் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். இரண்டும் நல்லபடியாக வந்த பிறகே நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பயிற்சி தனிக் கட்டணம். ஆறு வருகைக்கு 12,000 ரூபாய். கடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக வைத்து ஆபத்து விளைவித்தால் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறைக்கு வழியுண்டு என்பதை என் மைத்துனரையே பக்கத்தில் உட்காரவைத்து எடுத்துரைத்தார். குரைக்க வேண்டும், "போதும்" என்றதும் நிறுத்த வேண்டும். இந்த இரண்டைத்தான் ஆறு வாரம் பழக்கினார். நாயை வாசலில் சங்கிலியில் கட்டக்கூடாது, கூடத்தில் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதில் அவர் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. நாள் முழுதும் கட்டிக்கிடக்கும் நாய் போகிறவர் வருகிறவர் மீதெல்லாம் வெறுப்பை வளர்த்துக்கொள்ளும் என்றார். கூடத்தில் நாயா என்று முகம் சுளித்த அம்மாவின் கட்டிலடிதான் இன்று ரூபியின் இடம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்து அறிக்கையை ஆங்கிலத்தில் கொடுத்தார். பகல் முழுதும் நாயோடு இருக்கும் அம்மாவால் அதைப் படிக்க முடியவில்லை. தமிழிலும் கன்னடத்திலும் இவ்வளவு அழகாகப் பேசுகிறவர் இந்த நகரில் அதைச் செய்யாதது எனக்கு வருத்தமே. முடி உதிர்வைப் பற்றி, "கொஞ்சம் கொட்டும் சார்" என்றதோடு விட்டுவிட்டார். உண்மையில் தினமும் வாரினாலும் ஒரு பிடி முடி வருகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே சொல்லியாக வேண்டும். உணவும் மருத்துவமும் சேர்த்து மாதம் 7,000 ரூபாய் ஆகிறது. அவர் சொன்ன கணக்கு 4,500. எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டு நாய்களைத் தத்தெடுப்பது பற்றி நானாகக் கேட்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. கேட்ட பிறகு, நோய் எதிர்ப்பிலும் விழிப்பிலும் அவற்றுக்கு ஈடில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தால் எங்கள் தேர்வு ஒருவேளை வேறாக இருந்திருக்கும்.

ரூபி வந்து எட்டு மாதம் ஆகிறது. மாடிக்குப் போகும் குடித்தனக்காரர்களுக்கு ஒரு குரைப்போடு நிறுத்திக்கொள்கிறது. சென்ற மாதம் நள்ளிரவு இரண்டரைக்கு, பக்கத்துக் காலி மனையின் சுவரையொட்டி நின்ற இருவரைக் கண்டு அது குரைத்த குரல் வேறாக இருந்தது. அவர்கள் நடந்து போகும்வரை நிறுத்தவில்லை, போனபின் நான் "போதும்" என்றதும் படுத்துக்கொண்டது.

நாயை முன்பே வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்த 3,000 ரூபாய் தேவைப்படாது. முதல்முறையாக வாங்குபவர்கள், அதிலும் வயதானவர்களையும் சிறு பிள்ளைகளையும் வைத்திருப்பவர்கள், இப்படியொருவரை அழைக்கும்போது பகலில் நாயோடு இருக்கப் போகிறவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து அழையுங்கள். அறிக்கையைத் தமிழில் கேட்டு வாங்குங்கள்.